உப்புக்காரியும் ஐந்து இலைகளும்

அரண்மனை உப்புக்குக்கூடக் காவல் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் மூவாற்றூர் என்ற சின்ன நாட்டை ஆட்கொண்டராயன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். வரி அதிகம் கேட்கமாட்டார். போருக்குப் போகமாட்டார். யாராவது பாடச் சொன்னால் மட்டும் பாடிவிடுவார். அதை ஊர் பொறுத்துக்கொண்டது.

அவருக்கு ஒரே ஒரு தொல்லை. வழக்கு.

அப்போதெல்லாம் ராஜாவேதான் தீர்ப்புச் சொல்லவேண்டும். காலையில் ஒருவனைப் பிடித்து வருவார்கள், ஆடு திருடினான் என்று. ராஜாவுக்கு அன்றைக்குப் பல்வலி. ஆறு மாதம் சிறை என்பார். மாலையில் இன்னொருவனைப் பிடித்து வருவார்கள். அவனும் ஆடுதான். அதற்குள் பல்வலி நின்றிருக்கும். இனிமேல் செய்யாதே, போ என்பார். பிறகு கண்ணை மூடினால், காலையில் சிறைக்குப் போனவன் எதிரில் வந்து நிற்பான். "அந்த ஆட்டுக்கும் என் ஆட்டுக்கும் என்ன வித்தியாசம் மகாராஜா?" என்று மரியாதையாகக் கேட்பான்.

ராஜா மந்திரியைக் கூப்பிட்டார்.

"ஊரில் ஐந்து பேரை உட்காரவைத்துத் தீர்ப்புக் கேளுங்கள்" என்றார் மந்திரி. "ஐந்து பேருக்கும் ஒரே நாளில் பல் வலிக்காது."

ராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. அன்றே சட்டம் எழுதினார். ஊரார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஐந்து பேரை எடுக்கவேண்டும். அந்த ஐந்து பேரும் தூண் மண்டபத்தில் உட்காரவேண்டும். ஐவரும் ஒரே தீர்ப்பைச் சொல்லும்வரை வீட்டுக்குப் போகக்கூடாது. பசியோடு இருப்பவர் அவசரப்படுவார் என்பதால், அதுவரை அவர்களுக்கு அரண்மனைச் சாப்பாடு.

நீளமாகப் பேசினால் குழப்பம் வரும் என்று தீர்ப்புக்கு இரண்டே சொற்களை வைத்தார். குற்றவாளி என்றால், சிறையில் போடு என்பதைச் சுருக்கி, "போடு." குற்றமில்லை என்றால், "விடு." மண்டபத்து வாசலில் வேலாண்டி என்ற கட்டியக்காரர் முரசோடு நிற்பார். உள்ளே ஐந்து "போடு" கேட்டால் ஒருமுறை அடிப்பார். ஐந்து "விடு" கேட்டால் இரண்டுமுறை அடிப்பார்.

சட்டத்தை எழுதியபோது ராஜா, மந்திரி, வேலாண்டி மூன்று பேரும் இருந்தார்கள். மூன்று பேரும் தினமும் சோறு சாப்பிடுகிறவர்கள். ஆனாலும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

முதல் வழக்கு வந்தது.

வெள்ளச்சி என்று ஒருத்தி. கடற்கரையிலிருந்து கழுதைமேல் உப்பு ஏற்றிக்கொண்டு வந்து ஊர் ஊராக விற்பவள். அரண்மனையில் தானியமும் பருப்பும் உப்பும் அடுக்கி வைக்கும் உக்கிராணம் இருந்தது. அதன் அதிகாரி தில்லைக்கூத்தர். வெள்ளச்சி கோட்டைக்குள் நுழையும்போதெல்லாம் அவருக்கு ஒரு படி உப்பு சும்மா கொடுக்கவேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. வெள்ளச்சி கொடுக்கவில்லை. "இது சட்டத்துல இருக்கா சாமி?" என்று கேட்டாள். அவரும் யோசித்துப் பார்த்தார். இல்லை. அதுதான் அவருக்குக் கோபம்.

மறுமுறை அவள் வந்தபோது அவளைப் பிடித்துவிட்டார்கள். உக்கிராணத்து உப்பு மொத்தமும் திருட்டுப் போய்விட்டது, ஒரு கல் உப்புக்கூட மிச்சமில்லை, அதுதான் இவள் மூட்டைகளில் இருக்கிறது என்று தில்லைக்கூத்தர் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்.

"உப்பு மேல ஊர் பேரு எழுதியிருக்கா?" என்றாள் வெள்ளச்சி.

"எழுதியிருக்காது. அதனால்தான் திருடமுடிந்தது" என்றார் தில்லைக்கூத்தர்.

மூட்டைகளுக்கு அரக்கு முத்திரை வைத்து அரண்மனை முற்றத்தில் அடுக்கினார்கள். தீர்ப்பு வரும்வரை யாரும் தொடக்கூடாது. முற்றத்துக்குக் கூரை கிடையாது. ஐப்பசி மாதம். அவளிடம் இருந்த சொத்து அந்த மூட்டைகளும் ஒரு கழுதையும்தான். மழை வந்தால் கழுதை மட்டும் மிஞ்சும்.

குடத்திலிருந்து ஐந்து ஓலை எடுத்தார்கள். துணி வியாபாரி அம்பலவாணர் வந்தார். வைத்தியர் சிவக்கொழுந்து வந்தார். செக்கு ஆட்டும் மாடக்கண்ணு வந்தார். மற்ற இரண்டு பேர் அண்ணன் தம்பிகள், பெரியணன், சின்னணன் என்று. பெரியணன் ஒன்று சொன்னால் சின்னணன் அதையே சொல்வார். அதனால் நாட்டில் நாலரைப் பேர்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று ஊரில் பேச்சு.

ஐவரும் மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். முதல் வேலையாகச் சாப்பாடு வந்தது.

அதுமாதிரி ஒரு சாப்பாட்டை அவர்களில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. இலையில் இடமில்லாமல் கூட்டும் பொரியலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. பரிசாரகர் சோற்றைக் கொண்டுவந்தார்.

"போடு" என்றார் அம்பலவாணர்.

"எனக்கும் போடு" என்றார் வைத்தியர்.

"தாராளமாப் போடு" என்றார் மாடக்கண்ணு.

"போடு" என்றார் பெரியணன்.

"போடு" என்றார் சின்னணன்.

வாசலில் முரசு ஒருமுறை ஒலித்தது. முற்றத்தில் நின்ற வெள்ளச்சியைச் சிறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினார்கள்.

"அதுக்குள்ளயா?" என்றாள் அவள்.

"அஞ்சு பேரும் தயங்காமச் சொன்னாங்களாம்" என்றார் சிறைக்காவலர். "ஒருத்தர் தாராளமாவே சொன்னாராம்."

உள்ளே ரசம் வந்தது. ரசத்தைப் போடு என்று யாரும் சொல்வதில்லை. "விடு" என்றார் அம்பலவாணர். விடு, விடு, விடு, விடு என்றார்கள் மற்ற நால்வரும். முரசு இரண்டுமுறை ஒலித்தது. காவலர் கதவைத் திறந்தார். வெள்ளச்சி கழுதையை அவிழ்த்து, முதல் மூட்டையில் கைவைத்தாள். உள்ளே மறுபடி சோறு வந்தது. முரசு ஒருமுறை ஒலித்தது. மூட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் சிறைக்குள் போனாள். உள்ளே மோர் வந்தது.

நாலாவது தடவை பூட்டியபோது காவலருக்குக் கை வலித்தது.

"ஐயா, உங்க அரண்மனையில மோருக்கப்புறம் எதாவது உண்டா?" என்று கேட்டாள் வெள்ளச்சி.

"ஏன்?"

"இருந்தா கதவைச் சும்மா சாத்தி வைங்க."

விஷயம் ராஜாவுக்குப் போனது. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். சொற்களை மாற்றலாம் என்றார் மந்திரி. சட்டம் எழுதிய ஓலையில் ஏற்கெனவே முத்திரை குத்தியாகிவிட்டது, ராஜமுத்திரையை அழிப்பது அபசகுனம் என்றார் ராஜா. ஆகவே அடியில் ஒரு வரி சேர்த்தார்கள்: இலை விரித்திருக்கும்போது சொல்லும் சொல் தீர்ப்பாகாது, இலையை மடித்தபின் சொல்வதே தீர்ப்பு.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். ராஜாவும் அப்படித்தான் நினைத்தார்.

காலையில் இலை விரித்தார்கள், பொங்கலுக்கு. மத்தியானம் விரித்தார்கள், விருந்துக்கு. சாயங்காலம் விரித்தார்கள், பணியாரத்துக்கு. இடையில் கிடைத்த நேரத்தில் வழக்கைப் பேசினார்கள். உப்பு பித்தத்தைக் கூட்டுமா குறைக்குமா என்று வைத்தியர் விளக்கினார். கழுதை குற்றத்துக்கு உடந்தையா, வெறும் வண்டியைப் போலத்தானா என்று அம்பலவாணர் ஒரு கேள்வியைக் கிளப்பினார். அதைப் பேசி முடிக்கும்போது அடுத்த இலை விரித்துவிட்டார்கள்.

மாடக்கண்ணுதான் ஒருநாள் சொன்னார். "எனக்கென்னமோ அந்தப் பொண்ணு திருடியிருக்கமாட்டான்னு தோணுது."

"எனக்கும் அப்படித்தான்" என்றார் அம்பலவாணர்.

"எங்களுக்கும்" என்றார் பெரியணன்.

"எங்களுக்கும்" என்றார் சின்னணன்.

நால்வரும் வைத்தியரைப் பார்த்தார்கள். வைத்தியர் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"நாளைக்கு அதிரசம்னு பரிசாரகர் சொன்னார்" என்றார்.

நால்வரும் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள்.

"அதனால நாளைக்கு வரைக்கும் நான் சந்தேகப்படுறேன்."

"சந்தேகம் வர்றது நல்லதுதான்" என்றார் அம்பலவாணர். "நாலும் யோசிக்கணுமில்ல."

மறுநாள் வைத்தியரின் சந்தேகம் அதிரசத்தோடு தீர்ந்தது. ஆனால் அதற்கடுத்த நாள் பால்கொழுக்கட்டை. அன்றைக்கு அம்பலவாணருக்குச் சந்தேகம் வந்தது. அதற்கடுத்து அண்ணன் தம்பிகளுக்கு வந்தது, இருவருக்கும் சேர்ந்து. பிறகு மாடக்கண்ணுவுக்கே வந்துவிட்டது. இப்படிச் சந்தேகத்தை முறைவைத்துக்கொண்டார்கள். யாரும் அதை முறை என்று சொல்லவில்லை. ஆனால் யார் முறை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அம்பலவாணர் துணி அளக்கும்போது ஒரு விரல் கூடவே விட்டு அளப்பவர். வைத்தியர் ஏழைகளுக்குச் சும்மா மருந்து கொடுப்பவர். அந்தப் பெண் விடுதலையாகவேண்டும் என்றுதான் ஐந்து பேரும் விரும்பினார்கள். இன்றைக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

சிறையில் வெள்ளச்சிக்குத் தினம் ஒருவேளை கூழ். வழக்கில் சம்பந்தப்பட்டது என்பதால் கழுதைக்கு மட்டும் அரண்மனைப் புல். அது தின்று தின்று கொழுத்தது. அவள் சன்னல் கம்பி வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கே மேகம் திரண்டது. கலைந்தது. மறுபடி திரண்டது.

மூன்றாவது தடவை திரண்டபோது அது கலையவில்லை.

அன்று காலை ராஜா சிறைப்பக்கம் வந்தார். தீர்ப்பு ஏன் வரவில்லை என்று அவருக்கும் கவலை. ஆனால் தானே எழுதிய சட்டத்தில் தானே கைவைக்க அவருக்குக் கூச்சம்.

"உனக்கு ஏதாவது வேண்டுமா அம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணு கேக்கலாமா மகாராஜா?"

"விடுதலை மட்டும் என்னால் தரமுடியாது. அது அந்த ஐந்து பேர் கையில் இருக்கிறது."

"அது தெரியும். இன்னைக்கு அவங்களுக்கு நான் பரிமாறுறேன்."

ராஜா திகைத்தார். "எதற்கு?"

"உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போச்சு. அதோட, எனக்குத் தீர்ப்பு சொல்லப்போறவங்க மூஞ்சியை நான் இன்னும் பாக்கலை. அவங்களும் என் மூஞ்சியைப் பாக்கலை."

ராஜா மந்திரியைக் கேட்டார். மந்திரி ஓலையைப் புரட்டிப் பார்த்தார். பரிமாறக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

மத்தியானம் ஐவருக்கும் இலை விரித்தார்கள். கறிகளைப் பரிசாரகர் வைத்துவிட்டுப் போனார். சோற்றுப் பாத்திரத்தோடு ஒரு பெண் வந்தாள். முதல் இலைக்கு முன்னால் குனிந்தாள்.

"யாரம்மா நீ, புதுசா?" என்றார் அம்பலவாணர்.

"உப்பு வழக்குக்காரி சாமி. சோறு போடவா?"

அம்பலவாணர் வாயைத் திறந்தார். அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. எதிரில் அவள் முகம் இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"கொஞ்சமா... வை" என்றார்.

"எங்க வைக்கிறது சாமி? உள்ளயா, வெளியயா?"

அவர் இலையைப் பார்த்தபடி தலைகுனிந்துகொண்டார். அவள் வைத்தியரிடம் போனாள். வைத்தியர் கையால் சைகை காட்டினார்.

"கை ஜாடை எனக்குப் புரியாது சாமி. எதுன்னாலும் வாயால சொல்லிடுங்க."

"இன்னைக்கு எனக்கு லங்கணம்" என்றார் வைத்தியர். வைத்தியர்கள் பட்டினியை அப்படித்தான் சொல்வார்கள்.

"எனக்குப் பசியில்லை" என்றார் பெரியணன்.

சின்னணனுக்கு நல்ல பசி. அவர் அண்ணனைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். "எனக்கும் பசியில்லை" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அதைச் சொல்ல அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

கடைசியில் மாடக்கண்ணு இருந்தார். "சோறு வேண்டாம். குழம்பு மட்டும் விடும்மா" என்றார்.

"விடு" என்று சொல்லலாம் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்கு உறைத்தது. எனக்கும் விடு, எனக்கும் விடு என்றார்கள். அரண்மனைப் பந்தியில் ஐந்து பெரிய மனிதர்கள் சோறில்லாமல் உள்ளங்கையில் குழம்பை வாங்கிக் குடித்தார்கள். முழங்கைவரை வழிந்தது.

வெள்ளச்சி குழம்புப் பாத்திரத்தோடு நின்றாள். பரிமாறுகிறவர்கள் எல்லோரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள்.

"உப்பு சரியா இருக்கா சாமி?"

"கச்சிதமா இருக்கும்மா" என்றார் மாடக்கண்ணு. "முதல் நாள்லேருந்தே அப்படித்தான். ஒருநாள்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

சொல்லிவிட்டுக் கையை நக்கப்போனவர், பாதியில் நிறுத்தினார்.

தூரத்தில் இடி உறுமியது.

"மாடக்கண்ணு" என்றார் வைத்தியர் மெதுவாக. "உக்கிராணத்துல ஒரு கல்லு உப்புகூட இல்லைன்னுதானே தில்லைக்கூத்தர் கற்பூரம் அணைச்சார்?"

"ஆமா."

"அப்ப இத்தனை நாளா நாம எந்த உப்பைச் சாப்பிட்டோம்?"

"இவ மூட்டையிலேருந்து எடுத்துருப்பாங்க" என்றார் அம்பலவாணர். ஆனால் அவர் குரலில் பலமில்லை.

"போய்ப் பாத்தாத் தெரியுது" என்றார் சின்னணன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியணன் அதைச் சொல்லவில்லை. சின்னணனாகவே சொல்லியிருந்தார்.

மூட்டைகள் மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தன. இத்தனை நாளில் ஐவரில் ஒருவரும் அவற்றைப் போய்ப் பார்த்ததில்லை. இப்போது குழம்புக் கையோடு போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. பரிசாரகரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"உப்பா? உக்கிராணத்துலேருந்துதான் வருது" என்றார் பரிசாரகர். "பருப்பு மூட்டைக்குப் பின்னாடி அடுக்கியிருக்கே. அதிகாரிதான் தினம் காலையில எடுத்துக் குடுக்கிறார். ஏன், கரிக்குதா?"

இவ்வளவுதான் வழக்கு. முதல் நாள் முதல் கவளத்திலேயே அது முடிந்திருந்தது. சாட்சி ஒவ்வொரு வேளையும் அவர்கள் வாய்க்குள் வந்து வந்து போயிருந்தது.

முதல் துளி மாடக்கண்ணுவின் மூக்கில் விழுந்தது.

"சீக்கிரம்" என்றார் அவர். "சொல்லிடலாம்."

அப்போது வாசலிலிருந்து வேலாண்டி தொண்டையைச் செருமினார். "உள்ளே இன்னும் இலை விரிச்சிருக்கு. இலையை மடிச்சாத்தான் தீர்ப்பு" என்றார். "நான் சொல்லலை. சட்டம்."

ஐவரும் மண்டபத்துக்கு ஓடினார்கள். அவரவர் இலைக்கு முன் உட்கார்ந்தார்கள். சரியாக அந்த நேரத்தில் சமையலறைக் கதவு திறந்தது. பெரிய உருளியில் அடைப்பிரதமன் வந்தது. வெல்லமும் தேங்காய்ப்பாலும் கலந்த வாசனை மண்டபத்தை நிறைத்தது.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, யுத்தகளத்தில் வீரம் காட்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. சோறில்லாமல் வெறும் குழம்பு குடித்தவர் முன்னால் அடைப்பிரதமன் வந்து நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

மாடக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு இலையை மடித்தார்.

சின்னணன் மடித்தார். அவரைப் பார்த்துப் பெரியணன் மடித்தார்.

வைத்தியர் மூச்சை அடக்கிக்கொண்டு மடித்தார்.

அம்பலவாணர் கை இலைமேல் இருந்தது. மடிக்கவில்லை. "ஒரு கரண்டி" என்றார். "ஒரு கரண்டி சாப்பிட்டுட்டு மடிச்சா என்ன குறைஞ்சுபோகுது? தீர்ப்பு எங்க போகப்போகுது?"

வெளியே தூறல் தடித்தது. வெள்ளச்சி தூணோரம் நின்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. அவள் அம்பலவாணரைப் பார்க்கக்கூட இல்லை. முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அவள் பார்த்த திசையில் பார்த்தார். மேல்மூட்டையில் ஈரம் கறுப்பாகப் படர்ந்துகொண்டிருந்தது. மூட்டை அடியிலிருந்து தண்ணீர் மெல்லிய கோடாகக் கசிந்து வந்தது. அது வெறும் தண்ணீர் இல்லை என்று துணி வியாபாரிக்கும் தெரிந்தது.

அவர் இலையை மடித்தார்.

"விடு" என்றார். மற்ற நால்வரும் சொன்னார்கள். அந்த நால்வரில் சின்னணன்தான் முதலில் சொன்னார்.

முரசு இரண்டுமுறை ஒலித்தது. அது ஓய்வதற்குள் அம்பலவாணர் முற்றத்தில் இறங்கி ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றியிருந்தார். வாழ்நாளில் துணிக்கட்டைத் தவிர வேறு எதையும் சுமக்காத தோள். மற்றவர்களும் ஆளுக்கொன்றாகத் தூக்கி மண்டபத்துக்குள் சேர்த்தார்கள். மேல்மூட்டையில் மட்டும் பாதி கரைந்துபோயிருந்தது.

"இது எங்க கணக்கு" என்றார் வைத்தியர், நனைந்த மூட்டையைக் காட்டி. "அதிரசத்துக்கு ஒரு பங்கு, கொழுக்கட்டைக்கு ஒரு பங்கு."

"என்ன கணக்கு சாமி?" என்றாள் வெள்ளச்சி. அவளுக்குப் புரியவில்லை. யாரும் விளக்கவும் துணியவில்லை.

கரைந்த உப்புக்கு ஈடாக உக்கிராணத்துப் பருப்பு மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார் ராஜா. மழை நின்றதும் அவள் கழுதையை ஓட்டிக்கொண்டு போனாள். கொழுத்துப்போன கழுதை ஊர் எல்லைவரை திரும்பித் திரும்பிப் பார்த்தது.

பொய்ச் சத்தியம் செய்த தில்லைக்கூத்தர்மேல் வழக்கு வந்தது. ராஜா தானே தண்டித்திருக்கலாம். செய்யவில்லை. குடத்திலிருந்து புதிதாக ஐந்து ஓலைகள் எடுத்தார்கள். இந்தமுறை சட்டத்தின் அடியில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது: சிறையில் இருப்பவர் என்ன சாப்பிடுகிறாரோ, அதைத்தான் தீர்ப்புச் சொல்பவர்களும் சாப்பிடவேண்டும்.

கூழைக் குடித்துவிட்டு அந்த ஐவரும் காலையிலேயே முடித்துவிடுவார்கள் என்று மந்திரி நினைத்தார். முடிக்கவில்லை. உக்கிராணத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். பரிசாரகரை விசாரித்தார்கள். பருப்பு மூட்டைக்குப் பின்னால் உப்பு இருந்தது அதிகாரிக்கு நிஜமாகவே மறந்துபோயிருக்குமோ என்று அவர்களில் ஒருவருக்குச் சந்தேகம். தினமும் எடுத்துக் கொடுத்தவருக்கு எப்படி மறக்கும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். அவர் திருப்திப்படும்வரை திரும்பத் திரும்பப் பேசினார்கள். மூன்றாம் நாள்தான் தீர்ப்பு வந்தது.

"ஏன் இவ்வளவு தாமதம்?" என்று மந்திரி முணுமுணுத்தார்.

"இருக்கட்டும்" என்றார் ராஜா. "இது நிஜமான சந்தேகம்."

தில்லைக்கூத்தர் சிறைக்குப் போனார். அன்றைக்கு ராஜாவுக்கு மறுபடி பல்வலி. ஆனால் அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: அடுத்தவர் வழக்கைத் தீர்க்க உட்காருகிறவருக்கு, அந்த வழக்கு நீளுவதால் எந்த லாபமும் இருக்கக்கூடாது.